வெண்ணெய் வாசம் அடித்த பந்து

டன்மோர் மைதானத்தில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து தூரம் போவதில்லை என்பதை வர்ஜில் ஸ்ட்ரவுட் ஜூன் மாதமே கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்ததோடு சும்மா இருந்திருந்தால் அவன் வர்ஜிலே இல்லை. சூப்பில் ஈ விழுந்தால்கூட யார் போட்டது என்று கேட்கிற ரகம் அவன்.

அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ஒரே ரயில் பாதையில் கிடந்த நான்கு சின்ன ஊர்கள் சேர்ந்து நடத்திய பேஸ்பால் லீக் அது. 1910இல் தொடங்கி அப்போது இரண்டாவது கோடைக்காலம். வர்ஜில் ஹார்லோ அணியில், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவன். வயது முப்பத்தாறு, முழங்கால் இரண்டும் போய்விட்டன. "கோப்பையோட வா, அடுத்த வருஷம் மேனேஜர் நாற்காலி உனக்குத்தான்" என்று ஹார்லோ அணியின் முதலாளி சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் மறுபடியும் நிலக்கரிச் சுரங்கம்தான். அவன் அண்ணன் இருமி இருமிச் செத்த அதே சுரங்கம்.

கோப்பைக்குக் குறுக்கே நின்றது டன்மோர்தான். அந்த லீக்கில் சொந்த ஊர் அணிதான் ஆட்டத்துக்குப் பந்து தர வேண்டும், அதுவும் புதுப் பந்து. தர முடியாத ஊர் லீக்கை விட்டுப் போக வேண்டியதுதான். டன்மோரில் மேனேஜர் ஆன்சல் க்ரூகின் மனைவி ஹெட்விக் பந்துப் பெட்டியை ஈரச் சாக்கு போட்டு மூடி, தானே தூக்கிக்கொண்டு வருவாள். யாரையும் தொட விடமாட்டாள். கூட்டத்துக்குள் போய் விழும் பந்தைத் திருப்பிக் கொடுப்பது எல்லா ஊரிலும் வழக்கம். டன்மோரிலோ அது வந்து சேரும்வரை அவள் நின்றுகொண்டே இருப்பாள். புதுப் பந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு பந்தின் மேல் இத்தனை அக்கறை எதற்கு?

ஜூலை மாத மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் பெட்டியிலிருந்து அடுத்த பந்து வந்தது. கையுறையிலிருந்து அதை எடுத்த வர்ஜிலின் விரல்கள் ஜில்லிட்டன. மூக்கருகே கொண்டுபோனான். வெண்ணெய் வாசம். நேரே தன் அணியில் பந்தெறிகிற கோய் லேதமிடம் நடந்தான்.

"தொட்டுப் பாருடா. ஜில்லுனு இருக்கா இல்லையா?"

"இருந்தா என்னண்ணே? இந்த வெயிலுக்கு நல்லாத்தானே இருக்கு."

"ஐஸ் பெட்டியில வச்சு எடுத்துட்டு வர்றானுங்க. ஐஸ்ல வச்ச பந்து செத்த பந்துடா. எந்திரிக்கவே எந்திரிக்காது."

"அதே பந்தைத்தானே அவனுங்களும் அடிக்கிறானுங்க?"

"அவனுங்களுக்கு எப்பவும் அடிக்கத் தெரியாது, எறியத்தான் தெரியும். செத்த பந்தால யாருக்கு லாபம்? யோசி!"

கோய் தரையைப் பார்த்தான். "விட்டுருண்ணே. சொன்னாக் கேளு. ஆட்டத்தைப் பாரு."

ஏன் தரையைப் பார்க்கிறான்? இவனும் கூட்டோ? வர்ஜில் தன் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தபோது அவனுடைய சந்தேகப் பட்டியலில் ஒரு ஆள் கூடியிருந்தான்.

ஏழாவது இன்னிங்ஸில் வர்ஜிலின் மட்டையில் பந்து நடுவில் வசமாக மாட்டியது. வேறு எந்த ஊராக இருந்தாலும் வேலியைத் தாண்டியிருக்கும். இங்கே பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாவகாசமாக நின்று பிடித்தார்கள். வர்ஜில் மட்டையை வீசிவிட்டு அந்தப் பந்தை வாங்கிக்கொண்டு நடுவரிடம் போனான்.

"புகார் குடுக்குறேன். பந்துல தில்லுமுல்லு நடக்குது. சட்டப்படி அறுத்துப் பாருங்க."

ஆன்சல் க்ரூக் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "வர்ஜில், வேணாம்ப்பா. ஆட்டம் முடியட்டும். வீட்டுக்கு வா, எல்லாத்தையும் சொல்றேன்."

"மடியில கனம் இல்லேன்னா உங்களுக்கு எதுக்குங்க பயம்?"

"கெஞ்சிக் கேக்குறேன்ப்பா."

கெஞ்சக் கெஞ்ச வர்ஜிலுக்கு உறுதி ஏறியது. பின்னால் கோய் "அண்ணே!" என்று கத்தியது காதில் விழுந்தது. திரும்பவில்லை. நடுவர் பேனாக்கத்தியை விரித்தார். மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

தோல் பிரிந்தது. உள்ளே பழுப்பும் சிவப்புமாகக் கம்பளி நூல். சிவப்பு நூலில் தைத்துச் செப்பனிட்ட முடிச்சு ஒன்று அப்படியே இருந்தது. யாரோ போட்டுத் தேய்த்த காலுறையைப் பிரித்துச் சுற்றியிருந்தார்கள். தோல் போன வருடத்துப் பந்தினுடையது. சுண்ணாம்புக்கட்டி பூசி வெளுப்பாக்கி, மெழுகு நூலால் திரும்பத் தைத்திருந்தது.

ஹெட்விக் மைதானத்துக்குள் இறங்கி வந்தாள்.

"வெயில்ல மெழுகு உருகி தையல் விட்டுருதுங்க. அதான் ஐஸ் பெட்டியில வெண்ணெய்க்குப் பக்கத்துல வச்சு எடுத்துட்டு வந்தேன். புதுசு வாங்க எங்களுக்கு வழியில்ல. ஏமாத்தணும்னு செய்யல." வர்ஜிலைப் பார்த்து அவள் திட்டவில்லை. கீழே குனிந்து, சிதறிய நூலை ஒன்று விடாமல் பொறுக்கி ஏப்ரன் துணியில் போட்டுக்கொண்டாள். "இன்னொரு ஜோடி காலுறையாவது ஆகும்."

வர்ஜிலுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. "இதை மறந்துரலாம் ஐயா, நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று நடுவரின் கையைப் பிடித்தான்.

"ஊரே பாத்திருச்சு. நான் எப்படிப் பாக்காத மாதிரி இருக்க முடியும்?" என்று நடுவர் கத்தியை மடக்கினார்.

சட்டப்படி டன்மோர் லீக்கை விட்டு வெளியே. மூன்று ஊரை வைத்துக்கொண்டு ஆட்டம் நடத்தினால் எப்போதும் ஒரு அணி வெட்டியாக உட்கார்ந்திருக்கும். லீக் முடிந்தது. கோப்பையும் இல்லை, நாற்காலியும் இல்லை.

ஹார்லோவுக்குத் திரும்பும் ரயிலில் வர்ஜில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கடைசியில் கோய் வந்து உட்கார்ந்தான்.

"நம்ம ஊர்ப் பந்து மட்டும் புதுசுன்னு நெனச்சியாண்ணே? நான் தங்கியிருக்கிற வீட்டம்மாதான் தைக்கிறாங்க. அவங்களுக்குக் கை கெட்டி, இறுக்கிச் சுத்துவாங்க. அதான் தூரம் போகுது. நாலு ஊர்லயும் இதே கதைதான். யாரும் கேக்காத வரைக்கும் லீக் ஓடும்னு எல்லாரும் கேக்காம இருந்தோம்."

வர்ஜில் அவன் பக்கம் திரும்பினான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடா?"

"சொல்லியிருப்பேன்." கோய் தொப்பியை எடுத்து மடியில் வைத்தான். "நீ நம்பியிருப்பியா?"

சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் சுரங்கத்துப் புகை தெரிய ஆரம்பித்திருந்தது.