வீரபாண்டி செத்ததும், அது அவனுக்குத் தெரியவந்ததும்

பிரேதப் பரிசோதனை முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு வீரபாண்டி பன்றி வெட்டும் கொட்டகைக்கு வேலைக்கு வந்தான். 1979, ஈஸ்டருக்கு முந்திய புதன்கிழமை. கொச்சி மட்டாஞ்சேரியில் பன்றிக்கறிக்குக் கிராக்கி ஏறும் வாரம் என்பதால் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. கழுத்திலிருந்து தொப்புள்வரை சாக்குத் தையல், மண்டையைச் சுற்றி இன்னொன்று. "ஷர்ட்டு போட்டுக்கோடா, கறி வாங்க வர்றவங்க பேடிச்சுப் போவாங்க" என்று மட்டும் முதலாளி ராசப்பன் சொன்னார். அவனுக்குக் கேட்கவில்லை. அவனுக்கு முதலில் வந்தது காய்ச்சல். பிறகு கழுத்து விறைத்தது, காது போனது, கடைசியில்தான் உயிர் போனது. ஆகவே ஆஸ்பத்திரியில் அவன் செத்துவிட்டதாகச் சொன்னதும் காதில் விழவில்லை. எழுதிக் காட்டலாமென்றால் படிப்பு கிடையாது.

அறுத்துப் பார்த்த டாக்டர் ராமபத்ரன் நேர்மையானவர். தோலெங்கும் கருஞ்சிவப்புத் திட்டுகள், மூளைமேல் கஞ்சி ஆடைபோலச் சீழ், சிறுநீரகங்களுக்கு மேலுள்ள சுரப்பிகளில் ரத்தக்கசிவு, கட்டைவிரலில் ஒரு வெட்டு, அதில் அப்பிய வெற்றிலைச் சுண்ணாம்பு. கை வெட்டுப்பட்டால் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு அடுத்த பன்றியை எடுப்பது கொட்டகை வழக்கம். பன்றியின் கிருமி அந்த வெட்டு வழியாக ஏறியிருக்கிறது, எல்லோருக்கும் ரப்பர் கையுறை வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதினார். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டருக்கு ராசப்பன் சாயா கொடுத்து வீரபாண்டியைக் காட்டினார். "செத்த ஆளு பணி எடுக்குமோ சாரே?" கையுறை வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து ராமர் என்கிற கூலியாளுக்கு அதே காய்ச்சல் வந்தது. அவனுக்குக் காது நன்றாக இருந்ததால், டாக்டர் சொன்னதைக் கேட்டு மரியாதையாகச் செத்துப்போனான். இதுவும் அதே நோய்தான் என்று டாக்டர் எழுத, அதே நோய்க்காரன் ஒரு நாள் லீவு போடாமல் வேலை செய்கிறானே என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

வீரபாண்டியின் பெண்டாட்டி பேச்சி அங்கேயே குடல் கழுவுகிறவள். செத்தாலும் சாயங்காலமானால் வீடு திரும்புகிற புருஷன் அவளுக்குப் போதுமானவனாக இருந்தான். 1982இல் அவள் விரல் கத்தியில் கிழிந்தது. சுண்ணாம்பை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

"உன் ஆளு வந்து படுக்கணும் பேச்சி. பாடி இல்லாத ரிப்போர்ட்டை யாரு மதிப்பா?"

"செவிட்டுப் பயலுக்கு நான் எப்படிய்யா சொல்லுவேன்?"

மறுநாள் உச்சிவேளையில் வெட்டுக்கட்டை முன்னால் வந்து நின்றாள். குங்குமத்தை அழித்தாள். தாலியைக் கழற்றிக் கட்டைமேல் வைத்தாள். வீரபாண்டி கத்தியை நிறுத்தினான்.

"யாருடி செத்தது?"

அவன் நெஞ்சுத் தையல்மேல் கையை வைத்தாள்.

"நானா? எப்பம்?"

மூன்று விரலைக் காட்டினாள்.

"மூணு வருஷமா! அடிப்பாவி, அன்னைக்கே சொல்லியிருந்தா இம்புட்டுப் பன்னிய வெட்டியிருப்பனாடி?"

அவள் அழுதாள். அவள் காட்டிய விரலொன்றில் கிழிசலும் சுண்ணாம்பும் இருப்பதை அப்போதுதான் பார்த்தான். கொக்கியில் தொங்கிய பன்றியை முடித்து, கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் மேஜையில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

வருகைப் பதிவேட்டில் ராசப்பன் 'அரை நாள் லீவு' என்று எழுதினார். அவன் இடத்துக்கு வந்தவன் உயிரோடிருந்ததால் மதியம் சோற்றுக்கு எழுந்துபோனான். முதலாளிக்கு அது பழகச் சில காலம் பிடித்தது. திங்கட்கிழமை கையுறைகள் வந்தன. எல்லாம் ஆம்பளை அளவு. பேச்சி மணிக்கட்டில் சணலைச் சுற்றிப் பல்லால் இறுக்கிக்கொண்டு குடல் வாளிக்குள் கையை விட்டாள்.