கட்டைவிரலுக்கு அடியில்

பாதி இறக்கியிருந்த ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள். மதியச் சாப்பாட்டில் இருந்த பச்சை, டப்பாவை மூடிவிட்டு முதலில் பார்த்தது கடையின் கண்ணாடிக் கதவைத்தான். புதுக் கண்ணாடி. போட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது.

பச்சை என்பது தெரு வைத்த பெயர். பச்சை குத்துகிறவர், அதனால் பச்சை. அவ்வளவுதான்.

வந்தவள் ஒரு பெண். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். குனிந்து உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினாள். ஒரே ஒரு வரி. கொடி கொடியாகச் சுருண்ட எழுத்துகள். வரியை மூன்று துண்டாகப் பிரிக்கும் இரட்டைப் புள்ளிகள். பச்சை மறுபடி கண்ணாடிக் கதவைப் பார்த்தார்.

அந்த எழுத்தைப் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியும், படிக்கத் தெரியாது. ஆறு தடித்த புத்தகங்களாக வந்த ஒரு மாயக்கதை. அதில் வரும் காட்டு மக்களுக்காக, எழுதியவரே உட்கார்ந்து உண்டாக்கிய எழுத்து. ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு ஜிம் மாஸ்டரின் கையில் அதே எழுத்தில் குத்தியபோது, ஸ்டென்சில் தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். ஒட்டியவருக்கும் படிக்கத் தெரியாது, ஒட்டிக்கொண்டவருக்கும் தெரியாது. இருவருமாகப் பார்த்து, பிரமாதம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் மாஸ்டர் நான்கு நண்பர்களோடு வந்தார். கதவு போயிற்று. இன்னொரு முறை இந்தக் கடையில் சத்தம் கேட்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று கட்டட உரிமையாளர் மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். அந்த எழுத்தில் எது வந்தாலும், மச்சான் படித்துச் சொல்லாமல் ஊசி தோலைத் தொடாது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். ஆறு புத்தகத்தையும் கரைத்துக் குடித்தவன். ஓர் எழுத்தைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பாடம் நடத்துவான்.

பச்சை சட்டத்தைச் சொன்னதும் பெண்ணின் முகம் மாறியது. யாரும் படிக்க வேண்டாம், தாளில் இருப்பதை அப்படியே போட்டால் போதும், ஒரு புள்ளிகூட நகரக் கூடாது என்றாள். அர்த்தம் என்ன என்று கேட்டார். மூன்றாவது புத்தகத்தில் வரும் ஒரு வாழ்த்து என்றாள், தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே.

வாழ்த்து என்றால் எதற்கு இவ்வளவு மூடி மறைக்க வேண்டும்? யாரையாவது திட்டி எழுதியிருக்கிறாளா? நாளைக்கு அவள் வீட்டு ஆட்கள் திரண்டு வந்தால் கதவோடு கடையும் போகும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னார். அவள் குழாய்ப் பக்கம் போன நேரத்தில் தாளை விளக்கடியில் பிடித்து அவசரமாக ஒரு படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினார்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. பாடமும் இல்லை, பீற்றலும் இல்லை. "எல்லா எழுத்தும் சரி மாமா. இது புத்தகத்துல எங்கயும் இல்ல, யாரோ சொந்தமா எழுதினது. 'கரை நீ, படகு நான், பயணம் ஒன்று.' தாராளமா போடுங்க."

அப்படியானால் அவள் சொன்ன மூன்றாவது புத்தகம் பொய். பச்சைக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. இவனாவது ஒழுங்காகப் படித்தானா என்று துண்டு துண்டாகப் பொருத்திப் பார்க்க, அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினார். முதல் துண்டு இருந்தது. இரண்டாவது இருந்தது. மூன்றாவது துண்டின் மேல் அவருடைய கட்டைவிரல் சப்பென்று உட்கார்ந்திருந்தது. ஒரு சுழிகூடத் தெரியவில்லை.

புத்தகத்திலும் இல்லாத வரி. படத்திலும் இல்லாத துண்டு. பயணம் ஒன்று என்று பயலுக்கு யார் சொன்னது?

உடனே கடைக்கு வா என்று போன் செய்தார். ஊசியில் சின்னக் கோளாறு, கொஞ்சம் பொறுங்கம்மா என்று பெண்ணிடம் சமாளித்தார்.

பத்து நிமிடத்தில் மச்சான் வந்தான், சட்டையெல்லாம் லென்ஸ் தூளோடு. அவளைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவளும் அவனைப் பார்க்கவில்லை. பத்துக்குப் பத்து அறை. முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரு தரம் யார் என்று பார்த்துக்கொள்வார்கள்.

பச்சை போனை அவன் மூக்குக்கு நேராக நீட்டி, இப்போது படி என்றார். கரை நீ, படகு நான் என்று வேகமாகத் தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மேல படிப்பா. என் கட்டைவிரலுக்கும் அர்த்தம் சொல்லு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மச்சான் தலையைச் சொறிந்தான். எழுதியது தான்தான் என்றான். அவள் கண்ணாடி மாற்ற வந்ததில் ஆரம்பித்துப் போன மாதம் பதிவுத் திருமணத்தில் முடிந்த கதையை, காலடித் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். ஊரில் இத்தனை கடை இருக்கும்போது இங்கே எதற்கு அனுப்பினாய் என்று பச்சை பல்லைக் கடித்தார்.

"மத்தவங்க தலைகீழா ஒட்டினாலும் ஒட்டுவாங்க மாமா. நீங்க ஒரு தரம் அடிபட்டவர். ஜென்மத்துக்கும் ஒட்ட மாட்டீங்க."

பச்சைக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தம்பிக்கு வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக் கழித்தவள் அவர் மனைவி. பக்கத்துக் கடைதான் அவள் நடத்தும் அழகு நிலையம். விஷயம் தெரிந்தால் அங்கிருந்தே ஆரம்பிப்பாள். அந்தக் குரலுக்கு மாடிப்படி எல்லாம் ஒரு தூரமே இல்லை. உரிமையாளர் இறங்கி வருவார். கடை அதோடு முடிந்தது.

தாளை மடித்துப் பெண்ணின் கையில் திணித்தார். நான் எதையும் பார்க்கவில்லை, எதையும் குத்தவில்லை, உங்கள் அக்கா காதுக்குப் போவதற்குள் இரண்டு பேரும் கிளம்புங்கள் என்று குரலை இறக்கிக் கெஞ்சினார்.

அப்போதுதான் இருவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஷட்டரை முழுக்க மேலே தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். கைகளில் தலைச்சாயம் அப்பிய கையுறை. பெண்ணின் கையிலிருந்து தாளை வாங்கி விரித்து, மேசையில் அவர் முன்னால் வைத்தாள்.

"அந்தப் புள்ளைய எவ்வளவு நேரம் காக்க வைப்பீங்க, போட்டு விடுங்க. இவங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான், உங்க வாயில எதுவும் நிக்காதுன்னுதான் சொல்லல."