நாந்தெனினின் அவசரக் கைகள்

முழங்கால் போன பிறகு நாந்தெனினுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கினி நாட்டுத் தலைநகர் கொனாக்ரியில் பேர் சொன்னால் தெரிகிற ஒரு நடனக் குழுவில் முன்வரிசையில் ஆடியவள். ஒத்திகையில் குதித்து இறங்கும்போது முட்டிக்குள் ஏதோ படாரென்று அறுந்தது. நடக்கலாம், குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். எங்கே போகிறது என்று பார்க்காமல் வேனில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தாள். தூரத்தில் யார் வீட்டிலாவது முரசுச் சத்தம் கேட்டால் போதும், கால் விரல்கள் தானாகச் சுருங்கி விரியும்.

ஒரு மழை நாளில் குழுவில் ஜெம்பே என்கிற கை மத்தளத்தை முன்னின்று வாசிக்கிற பாங்காலியின் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.

"எனக்கு வாசிக்கக் கத்துக்குடு."

பாங்காலி, ஈரத்தில் தொய்ந்த மத்தளத்தின் ஆட்டுத்தோலை அட்டைப்பெட்டி எரித்த நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தான். அவளும் அவனும் ஒரே வயது. அவன் த்ரவோரே குலம், அவள் கோந்தே. இந்த ரெண்டு குலத்துக்கும் கேலி முறை. காராமணி தின்னி, அடிமை என்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

"யாரு, காராமணி தின்னிக் கூட்டமா? 'பாங்காலி தாளத்துல தூங்குறான், பாங்காலி மாடு மாதிரி நடக்குறான்'னு இத்தனை வருஷம் என்னைத் திட்டினவ நீதானே?"

"நீ தூங்கினது நெசம். எங்க வீட்டு அடிமை தூங்கினா நான் திட்டத்தான் செய்வேன். எடு மத்தளத்தை."

அவன் சிரித்துவிட்டான். ஒரு பழைய ஜெம்பேயை அவள் தொடைகளுக்கு நடுவே சாய்த்து வைத்தான். நடுத்தோலில் உள்ளங்கையால் ஒரு கனத்த அடி, ஓரத்தில் விரல்களால் ரெண்டு திறந்த அடி. திரும்பத் திரும்ப அது மட்டும்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். நீ தரை மாதிரி, இதுமேலதான் நான் நடப்பேன். அசையாத."

அதுதான் அவளால் முடியவில்லை. ஓரக்கட்டையில் எலும்பு மோதி விரல்கள் வீங்கின. சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதைக்கூடப் பொறுத்தாள். ஆனால் கை தாளத்தை முந்தி ஓடியது. தாளத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஆடுகிறவள் அடுத்து என்ன செய்வாள் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் கை முன்னாடியே அங்கே போய் நின்றது.

"ஓடுறே," என்பான் பாங்காலி. கொஞ்ச நேரத்தில் மறுபடி, "ஓடுறே."

"நீதான் பின்னால வர்றே."

"நீ வாசிக்கல, கோந்தே. உக்காந்துக்கிட்டு ஆடுறே."

அன்று ஜெம்பேயைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். மறுநாள் காலையில் அவன் பல் விளக்குவதற்குள் வாசலில் நின்றாள். இப்படியே மழைக்காலம் பாதி ஓடியது.

பிறகு ஒரு கல்யாணம் வந்தது. துணை ஜெம்பே வாசிக்கிற கெர்ஃபாலாவுக்கு மலேரியா. வேறு ஆள் கிடைக்காமல் பாங்காலி அவளைக் கூட்டிப்போனான். "மூணு அடி. வேற ஒண்ணும் வேணாம்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

தெருவை மறித்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நாற்காலி வட்டத்துக்குள் ஆட வந்தவள் மினாட்டா. முன்வரிசையில் நாந்தெனினின் இடத்துக்கு வந்தவள், வயதில் சின்னவள். அவள் தோளைத் தளர்த்தி மண்ணைத் தொட்டுக் கிளம்பியதுமே நாந்தெனினுக்குத் தெரிந்துவிட்டது. அதே குதி. தன் முட்டியைத் தின்ற அதே குதிக்குத்தான் அவள் தயாராகிறாள்.

கை ஓடியது. கோலால் பெரிய முரசு அடிக்கிறவனும் வேறு வழியில்லாமல் அவள் வேகத்துக்கே போனான். பாங்காலி கண்ணால் அதட்டினான். நாந்தெனின் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மினாட்டா மூச்சு வாங்க எழும்பினாள், அரைச் சுற்றில் தாளம் அவளைத் தாண்டிப் போய்விட்டது, கையை ஊன்றி மண்ணில் விழுந்தாள்.

பாங்காலி வாசிப்பை நிறுத்தினான். பெண்கள் ஓடிவந்து மினாட்டாவைத் தூக்கி, சிரித்து, கைதட்டிச் சமாளித்தார்கள். அவளுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்ததோடு சரி.

இஞ்சிச்சாறு கொடுத்துக்கொண்டிருந்த இடைவேளையில் மினாட்டா நேரே அவளிடம் வந்தாள்.

"அக்கா, வேணும்னேதான் செஞ்சியா?"

நாந்தெனின் தன் கைகளைப் பார்த்தாள். "தெரியலடி. சத்தியமா தெரியல."

"அவ இனி வாசிக்க மாட்டா," என்றான் பாங்காலி. "நான் ஒருத்தனே பாத்துக்கறேன்."

"வாசிக்கட்டும்ணே. அக்காவை நிறுத்திட்டா நான் பயந்துட்டேன்னு பேசுவாங்க. எனக்கென்ன பயம்?" மினாட்டா நாந்தெனின் பக்கம் திரும்பினாள். "அதே குதிதான் குதிக்கப்போறேன். தரையை ஆட்டாம வை, அது போதும்."

மறுபடி ஆரம்பித்தபோது நாந்தெனின் வட்டத்தைப் பார்க்கவில்லை. பெரிய முரசுக்காரனின் கோல் நுனியை மட்டும் பார்த்தாள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ரெண்டு. தொடை துடித்தது, நல்ல கால் மண்ணைச் சுரண்டியது. அவளுக்குள் இருந்த ஆட்டக்காரி எழுந்திரு, எழுந்திரு என்று கத்தினாள். பாங்காலி மேலே ஏறி விளையாடினான், நெருக்கினான், வம்புக்கு இழுத்தான். அவள் அவன் பின்னால் போகவில்லை. முதுகு வழியாக வியர்வை இறங்கியது. எதிரே மண்ணில் பாதங்கள் வந்து விழுந்த சத்தமும், உடனே பெண்களின் குலவையும் கேட்டன. அப்போதும் அவள் தலையைத் தூக்கவில்லை. பாங்காலி முடிப்பு வாசித்த பிறகுதான் கையை எடுத்தாள். விரல்கள் மடங்க மறுத்தன.

திரும்பும் வேனில் மினாட்டா அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெரிசலில் வண்டி நகரவே இல்லை. நாந்தெனினுக்கு இறங்கி நொண்டியாவது நடந்துவிடலாம் போல இருந்தது.

"குதி எப்படி இருந்துச்சு?" என்றாள் மினாட்டா.

"பாக்கல."

"பாக்கலையா? எல்லாரையும் விட்டுட்டு உனக்குக் காட்டத்தானே குதிச்சேன்! நல்லா வருது வாயில."

முன் சீட்டில் பாங்காலியின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"கேட்டேன்டி," என்றாள் நாந்தெனின். "இடது கால் லேட்டா விழுது. அப்படியே விட்டா உன் முட்டியும் போகும்."

மினாட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். வண்டி ரெண்டு அடி நகர்ந்து மறுபடி நின்றது.

"அதை எப்படிச் சரிபண்றது?" என்றாள், திரும்பாமலே.