நடத்தை விதியின் கடைசி வரி

எல்லாம் தேனுஜனின் வாயால் வந்த வினை. அந்த வாய் கொஞ்சம் அடங்கியிருந்தால் விதியும் வந்திருக்காது, ஊர்மிளாவின் வயிறும் இப்படி எரிந்திருக்காது.

2007ஆம் ஆண்டு. இலங்கை மலையகத்து ஹட்டனில் மீராசாஹிப்பின் இன்டர்நெட் கடையில் ஊர்மிளா வேலை பார்த்தாள். கடையில் ஆளில்லாத நேரத்தில் அவளும் சிவதர்சினியும் தமிழ் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றைத் தொடங்கினார்கள். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் யாரும் திருத்தலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள் அது. சிவதர்சினி யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு டீச்சர், குழுவுக்குப் பொறுப்பாளர். ஊர்மிளாவுக்குக் கூடப் பிறக்காத அக்கா. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் ஊர்மிளா குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்து, அவளோடு ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்ற அக்கா. நிரலில் பெரும்பகுதியை எழுதியவன் லண்டனில் இருந்த தேனுஜன். கெட்டிக்காரன்தான், யார் இல்லை என்றது?

ஊர்மிளா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பேசி எடுத்துச் செய்யும் கொந்தரப்பு, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து என்று மலையகச் சொற்களைச் சேர்த்தாள். உடனே குழு மடலில் எல்லாரும் பார்க்கத் தேனுஜன் எழுதினான்: "தோட்டக்காட்டான் பேச்சுக்கெல்லாம் பிழை திருத்தி எதுக்கு?"

மலையகத்தில் பிறந்தவள் காதில் 'தோட்டக்காட்டான்' என்ற அந்த வசை விழுந்தால் உடம்பெல்லாம் பற்றி எரியும். ஊர்மிளா கடையிலேயே அழுதுவிட்டாள். சிவதர்சினிதான் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"அழாதையும். இதை இப்பிடியே விடேலாது. எங்களுக்கெண்டு ஒரு நடத்தை விதி எழுதுவம்."

இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். பிறப்பையோ ஊரையோ பேச்சையோ சொல்லி யாரையும் இழிவுபடுத்தக் கூடாது. அந்த முதல் வரி ஊர்மிளாவுடையது. கடைசி வரி சிவதர்சினியுடையது: முறைப்பாட்டைப் பொறுப்பாளருக்கு மட்டுமே அனுப்ப வேண்டும், பொதுவில் சண்டை பிடிப்பவர் நீக்கப்படுவார்.

"இது எதுக்குங்க அக்கா?"

"உமக்குப் பாதுகாப்புக்குத்தான்."

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். குழுவில் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள், தேனுஜன் உட்பட. அன்றைக்கு ஊர்மிளா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாள், பைத்தியக்காரி.

அடுத்த மாதமே தேனுஜன் அவளுடைய சொற்களை மொத்தமாக அழித்தான். 'தோட்டக்காட்டுக் குப்பை அகற்றப்பட்டது' என்று குறிப்பு வேறு. ஊர்மிளா விதிப்படி பொறுப்பாளருக்கு எழுதினாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். கிணற்றில் போட்ட கல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழுவிலேயே கேட்டாள்: "விதி இருக்கா, இல்லையா?"

மறுநாள் காலையில் பதில் வந்தது. பொதுவில் சண்டை பிடித்ததற்காக ஊர்மிளா நீக்கப்படுகிறாள். கீழே சிவதர்சினியின் பெயர். அடிப்பாவி! நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே!

ஊர்மிளா நேரே பள்ளிக்கூட வாசலுக்கே போய்விட்டாள்.

"எனக்காகன்னு சொல்லித்தானே அக்கா அந்த விதிய எழுதுனோம்?"

சிவதர்சினி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓம். ஆனா அவரைத் தட்டிக் கேட்டா விட்டிட்டுப் போயிடுவன் எண்டவர். அவர் போனா வேலையே நிண்டிடும் ஊர்மிளா. நீர் போனா..."

மிச்சத்தைக் கேட்காமலே ஊர்மிளா லயத்துக்குத் திரும்பி நடந்தாள்.

மாலையில் கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா பேச்சியம்மா, மகள் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். மகள் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. நீக்கிவிட்டார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. கொழுந்து குறைந்தால் அன்றைய சம்பளப் பதிவிலிருந்து பேரை வெட்டுவது தோட்டத்தில் வழக்கம்தானே.

"பேரு வெட்டிட்டாங்களா? எங்க கங்காணி எவ்வளவு மோசக்காரன், அவன்கூட கொழுந்த நிறுத்துப் பாத்துட்டுத்தான்டி வெட்டுவான். ஒங்காளுங்க நிறுத்துக்கூடப் பாக்கலியா?"

"பாத்தாங்கம்மா," என்றாள் ஊர்மிளா. "அவன்தான் கனமா இருந்தான்."