ஓம், கூடாது

என்ட மனுசன் றேமண்ட் வோட்டுப் போட்ட ஆள் இதுவரைக்கும் ஒருக்காலும் வெண்டதில்லை. வாய்க்கு வந்தபடி சொல்லேல்ல, முப்பது வருஷமாப் பக்கத்தில நிண்டு பாத்தனான். ஜனாதிபதித் தேர்தலோ, பாராளுமன்றமோ, மாநகர சபையோ, இவர் கை வச்சா அந்த ஆளுக்குக் கட்டுக்காசும் மிஞ்சாது. போன தேர்தல் முடிவு வந்த அண்டு காலமை டீவியை நிப்பாட்டிப்போட்டு, "இந்த நாட்டில இனி மனுசன் இருக்கேலாது செலீன்" எண்டார். இதை அவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்றதுதான். நான் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டே "ஓமோம்" எண்டனான்.

இந்த முறை மனுசன் அதோட நிக்கேல்ல.

அண்டைக்குப் பின்னேரம் வெள்ளவத்தையில இருந்து ஷெரோமி வந்தாள். அவர்ட தங்கச்சிட மகள், கம்பியூட்டர் கொம்பனியில வேலை. மாமனைச் சீண்டாட்டி அவளுக்குச் சாப்பாடு செமிக்காது. "மாமா, ஃபோன்ல ஒரு டெஸ்ட் இருக்கு. நாப்பது கேள்வி. ஓம், இல்லை எண்டு அமத்தினாச் சரி. உங்கட அரசியல் கொள்கைக்கு உலகத்தில எந்த நாடு பொருத்தம் எண்டு சொல்லும். தமிழிலயும் கிடக்கு" எண்டாள். பகிடிக்குத்தான் சொன்னாள், பாவி. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சோதினை எழுதுற பிள்ளை மாதிரி சாப்பாட்டு மேசையில முழுசா ஒரு மணித்தியாலம் இருந்தார். கடைசிக் கேள்வியை அமத்தினதும் ஃபோன்ல பலூன் எல்லாம் பறந்துது.

உருகுவே. தொண்ணூற்றாறு வீதப் பொருத்தம்.

"உருகுவேயா? அது எங்க கிடக்கு?" எண்டு கேட்டன். "கொட்டாஞ்சேனை வெயிலுக்கு ஏற்கனவே உருகிக்கொண்டுதானே இருக்கிறம், அதுக்குப் பிளேன் ஏறி வேற போகோணுமா?"

அவர் சிரிக்கேல்ல. "தென்னமெரிக்கா" எண்டார், சொர்க்கம் எண்டு சொல்ற மாதிரி.

அதுக்குப் பிறகு வீட்டில ஒரே உருகுவேதான். அங்க மனுசரை விட மாடு கூடவாம். கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாதபடியாத்தான் அரசியல் சுத்தமா இருக்காம். எங்கட வீட்டுக்குக் கீழ ஸமீம் நானாட பலசரக்குக் கடை; முஸ்லிம் ஆக்களிட பேச்சில நானா எண்டா அண்ணன். துறைமுக வேலையில இருந்து பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு வந்த நாள் தொட்டு, இவர் காலமையில பேப்பரோட அங்க போய் நிண்டு நானாவோட வாக்குவாதப்படுறதுதான் வழக்கம். இப்ப பேப்பரை விட்டிட்டு உருகுவே படத்தைக் கொண்டு போனார். தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் எண்டு நிக்கிற மனுசனுக்கு, ஃபோனே மூண்டு கால்தான் எண்டு சொன்னாக் கேக்கவும் வேணுமோ?

மாதா மாதம் வருமானம் வருது எண்டு காட்டினா அங்க இருக்க விடுவாங்கள் எண்டு ஷெரோமி தேடிப் பாத்துச் சொன்னாள். மட்டக்குளியில றேமண்ட்டிட அப்பா விட்டிட்டுப் போன வீட்டு வாடகை இருக்கு. பிள்ளை குட்டி எண்டு எங்களுக்கு ஆருமில்லை. "அப்ப என்ன தடை?" எண்டார் றேமண்ட்.

என்ன தடை எண்டு நானும் யோசிச்சுப் பாத்தன். யேசுவே, ஒண்டும் இல்லை!

என்னைப் பற்றியும் சொல்லோணும். புதுக்கடையில ஒரு லோயரிட ஒஃபீஸில முப்பத்தொரு வருஷமாத் தமிழ் டைப்பிஸ்ட். கனடா போறவையிட பிறப்புச் சாட்சிப் பத்திரம், இத்தாலி போறவையிட விவாகப் பதிவு, அவுஸ்திரேலியா போறவையிட சத்தியக்கடதாசி, எல்லாம் இந்த விரலால அடிச்சதுதான். என்ட விரல் அரைவாசி உலகத்தை அனுப்பி வச்சிருக்கு. நான் போன ஆகத் தூரம் வேளாங்கண்ணி. அதுவும் வயித்தால போய், ரெண்டு நாள் அறைக்குள்ளயே கிடந்திட்டு வந்தனான். இப்ப உருகுவே விண்ணப்பத்தில முதல் தடவையா என்ட பேரை நானே அடிக்கேக்க ஒரு எழுத்தை ரெண்டு தரம் அடிச்சுப்போட்டன். ஐம்பத்திநாலு வயசில எனக்கு விசர் பிடிச்சிட்டுது. சந்தோஷ விசர்.

ஷெரோமி என்ட ஃபோன்ல ஸ்பானிஷ் பாடம் போட்டுத் தந்தாள். புதுக்கடைக்குப் போற பஸ்ஸில முதல் பாடத்தைத் திறந்தன். 'மேசா' எண்டா மேசை. 'சப்பாத்தோ' எண்டாக் காலில போடுற சப்பாத்து. 'பான்' எண்டா பாண். 'கோப்பா' எண்டாக் கோப்பை. 'அர்மாரியோ' எண்டா அலுமாரி. அட கடவுளே, இந்தப் பாஷையை நாங்க பிறந்த நாளில இருந்து கதைச்சுக்கொண்டுதானே இருக்கிறம், ஆரும் எங்களுக்குச் சொல்லேல்ல! பஸ்ஸுக்குள்ள விழுந்து விழுந்து சிரிச்சன். கண்டக்டர் வந்து, "மொகத நோனா ஹினாவென்னே?" எண்டான். என்னத்துக்குச் சிரிக்கிறன் எண்டு சிங்களத்தில அவனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? 'கோப்பா' எண்டன். அவன் மிச்சக் காசைத் தந்திட்டு ஓடிப் போயிட்டான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. இந்த மனுசன் அந்த டெஸ்ட் முடிவையும் விண்ணப்பத்தோட சேக்கோணும் எண்டு நிண்டபடியாத்தான் வினை. "சும்மா பேப்பரா வச்சா மதிக்க மாட்டாங்கள். சத்தியக்கடதாசியா அடிச்சு, உன்ட லோயரிட்ட சீல் குத்தி எடு. நாப்பது கேள்வியும் பதிலும் அதில வரோணும்" எண்டார். ஆரும் கேக்காத கடதாசிக்கும் சீல் குத்தாட்டி எங்கட ஆக்களுக்கு நித்திரை வராது.

மத்தியானம் ஒஃபீஸில ஆக்கள் குறைஞ்ச நேரம் பாத்து இருந்து அடிச்சன். 'றோமன் கத்தோலிக்கனாகிய நான் பயபக்தியுடன் சத்தியம் செய்து கூறுவதாவது, மேற்படி உருகுவே நாட்டின் கொள்கைகளுடன் நான் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீதம் பொருந்துபவன்.' அடிச்சுக்கொண்டே வந்து பதினோராவது கேள்வியில கை நிண்டிட்டுது.

'கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கக் கூடாதா?' பதில்: ஓம்.

கஞ்சா எண்டாக் கழுத்தை வெட்டோணும் எண்டு நிக்கிற ஆள் றேமண்ட். அவர் 'ஓம்' எண்டு அமத்தினது, 'ஓம், கூடாது' எண்டு. நாங்க எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுவம். ஃபோன் விளங்கினது, 'ஓம், ஆக்கலாம்' எண்டு. இந்தக் கூத்தை நான் கோட்டில எத்தினை தரம் பாத்திருக்கிறன்! 'அண்டைக்கு நீர் அந்த இடத்தில நிக்கேல்லையா?' எண்டு லோயர் கேப்பார். 'ஓம்' எண்டுவான் சாட்சிக்காரன். நிண்டானா, நிக்கேல்லையா எண்டு இங்கிலீசுக்கு மாத்திறவருக்கும் விளங்காது, நீதவானுக்கும் விளங்காது, அரை நாள் போயிடும்.

மிச்சத்தைப் பாத்தன். 'பள்ளிக்கூடத்தில சமயப் பாடத்தை நிப்பாட்டக் கூடாதா?' ஓம். 'கலியாணம் கட்டாமல் சேந்து வாழுறவைக்குச் சம உரிமை குடுக்கக் கூடாதா?' ஓம். நாப்பதில இருபத்தாறு கேள்வி இந்த மாதிரி. மனுசன் இருபத்தாறுக்கும் 'ஓம்' எண்டு குத்தி வச்சிருக்கு. அதாவது, இந்த உலகத்தில றேமண்ட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத நாட்டைத் தேடி எடுத்துத் தந்திருக்கு அந்த டெஸ்ட். உருகுவேயைப் பற்றி நானும் தேடிப் பாத்தன். பாக்கப் பாக்க எனக்குச் சிரிப்புத் தாங்கேல்ல, பிறகு ஃபோனைக் கவிட்டு வச்சிட்டன். சொன்னா மனுசன் போக மாட்டார். சொல்லாட்டி?

சொல்லேல்ல. அந்தக் கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போய் மெழுகுதிரி கொளுத்தினன். தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாற புனிதரிட்ட, 'இதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்திடாதையும் சுவாமி' எண்டு கேட்ட ஒரே ஆள் நானாத்தான் இருப்பன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வரேக்க, றேமண்ட் ஸமீம் நானாட கடையடியில நிண்டிட்டார். நானா பருப்பு நிறுத்துக்கொண்டே, "ஏன் மிஸ்டர் றேமண்ட், ஒங்கட பெரிய வெள்ளி, நத்தார் எல்லாம் அங்க ஈக்குமா?" எண்டு கேட்டார்.

"இருக்குமாவா?" எண்டார் இவர், நெஞ்சை நிமித்தி. "என்னோட தொண்ணூற்றாறு வீதம் ஒத்துப் போற நாடு. பெரிய வெள்ளிக்கு நாடே சிலுவைப்பாதைக்கு வரும். ஒருத்தன் வாயில சுருட்டும் இருக்காது, கஞ்சாவும் இருக்காது!"

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அடக்கப் பாத்தன், மூக்கால வந்துது. பூசைக்குக் கட்டின சீலையோட நானாட அரிசி மூட்டையில இருந்திட்டன். கண்ணால தண்ணி ஓடுது. "சிலுவைப்பாதையா? அந்தக் கிழமைக்கு அங்க பேர் சுற்றுலா வாரம்! யேசு பிறந்த நத்தாருக்குப் பேர் குடும்ப தினம்! கஞ்சா ஃபார்மசியில விக்கிறாங்கள், பனடோல் வாங்கிற மாதிரிப் போய் வாங்கலாம்!" எண்டன். நிப்பாட்ட ஏலேல்ல. பதினோராவது கேள்வி, 'ஓம், கூடாது', இருபத்தாறு எண்டு எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். ஸமீம் நானா தராசை விட்டிட்டு, "அல்லாஹ்வே, நானும் அப்பிடித்தானே ஓம் எண்டு செல்லியிருப்பன்!" எண்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார்.

றேமண்ட் சிரிக்கேல்ல. படி ஏறிப் போனார். நான் பின்னால ஓடினன். மனுசன் மேசையில இருந்த சத்தியக்கடதாசியை எடுத்து நாலாக் கிழிச்சார். விண்ணப்பத்தையும் கையில எடுத்தார். அதில என்ட பேர் இருக்கு.

"அதைக் கிழிக்காதேங்கோ" எண்டன். சிரிப்பெல்லாம் எங்க போச்சோ தெரியாது. "எனக்குப் போகோணும் றேமண்ட். உங்கட கோபத்துக்காக இல்லை. எனக்கே ஆசையாக் கிடக்கு. நான் மற்றவைக்கு அடிச்சுக் குடுத்தது போதும்."

"விசரே உனக்கு? எங்கட கொள்கைக்குக் கொஞ்சமும் ஒத்து வராத நாடு."

"உங்கட கொள்கைக்கு. என்ட கொள்கைக்கு நல்லா ஒத்து வருது."

"உன்ட கொள்கை எண்டு ஒண்டு எங்கால வந்தது? நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே."

"ஆர் சொன்னது?"

மனுசன் என்னைப் பாத்தார். இனி மறைச்சு என்ன பிரயோசனம்? "கலியாணம் கட்டின நாளில இருந்து நீங்க எந்தப் பக்கம் போட்டீங்களோ, நான் மற்றப் பக்கம் போட்டனான். ஒண்டாப் போய், ஒண்டா லைன்ல நிண்டு, உங்கட வோட்டை நான் வெட்டிப்போட்டு, வாற வழியில ஒண்டா ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வந்தனாங்கள். முடிவு வாற அண்டைக்கு நீங்க இடிஞ்சு போய் இருப்பீங்க, நான் குசினிக்குள்ள போய்ச் சிரிச்சிட்டு வந்து தேத்தண்ணி தருவன். கொள்கை ஒத்துவராத இடத்தில முப்பது வருஷம் நான் சந்தோஷமாத்தான் இருந்தனான், இந்த வீட்டில. நீங்க ஒரு வருஷம் இருந்து பாருங்க, செத்துப் போக மாட்டீங்க."

மனுசன் மற்றக் கை விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

"எல்லாத் தேர்தலுமா?"

"எல்லாம்."

"மாநகர சபையுமா?"

"அதுவும்தான்."

"அப்ப... ஒவ்வொரு முறையும் வெண்டது உன்ட ஆள்."

"ஓம்."

மனுசன் கதிரையில இருந்தார். முகம் சிவந்துது. நான் அடி விழுமோ எண்டு பயந்து நிண்டன், ஒருக்காலும் கை நீட்டாத மனுசன் எண்டு தெரிஞ்சும். கையில இருந்த விண்ணப்பத்தை மேசையில விரிச்சு, சுருக்கத்தை உள்ளங்கையால தேச்சு எடுத்தார். பிறகு சட்டைப் பொக்கற்றில இருந்து பேனையை எடுத்து, தன்ட கையெழுத்தைப் போட்டார்.

"போறமா?" எண்டன்.

"போகாமல்? உன்ட வோட்டை இன்னும் இந்த நாட்டில விட்டு வச்சா, இது ஒரு நாளும் உருப்படாது!"

நான் அவர்ட கழுத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதன், சிரிச்சன், என்ன செய்தன் எண்டு எனக்கே தெரியேல்ல. அவர் என்ட கையைப் பிடிச்சுப் பக்கத்துக் கதிரையில இருத்தி, கண்ணாடியைக் கழட்டி வச்சார். "சரி, இப்ப சொல்லு. நீ வோட்டுப் போட்ட ஆக்களை உனக்கு ஏன் பிடிச்சது?" எண்டார்.

முப்பது வருஷத்தில என்னட்ட அதை ஒருத்தரும் கேட்டதில்லை. நான் தொண்ணூறுகளில இருந்து தொடங்கினன். மத்தியானச் சோறு ஆறிக் கல்லாப் போகுமட்டும் கதைச்சன். ரெண்டே ரெண்டு இடத்திலதான் மனுசன் குறுக்க விழுந்து கதைச்சவர்.