நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தி

எங்கள் கோயிலில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதென்றால் ஞானத்தாய் என்று ஒருத்தி நிற்க வேண்டும். பிள்ளைக்குப் பதிலாகக் கடவுளுக்கு வாக்குக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வசதியானவர்களுக்குச் சித்தியோ அத்தையோ வந்து நிற்பார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு, அதாவது சலவை ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு, யார் வருவார்கள்? அவர்களுடைய சொந்தக்காரர்களெல்லாம் அந்த நேரத்தில் ஆலைக்குள் ஆஸ்பத்திரி விரிப்புகளை அலசிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கூப்பிடுவார்கள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி நாற்பத்து மூன்று பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன். தலையில் தண்ணீர் விழுந்ததும் வீலென்று கத்தும். தாயிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்து, கையெழுத்தைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். அதில் ஒரு பிள்ளையின் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னை எல்லோரும் ரிஜிஸ்டர் அக்கா என்பார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்று பதிவேடுகளும் என் பொறுப்பு. இரும்பு அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று கமிட்டித் தலைவரிடம். அவரை ஊரே பெரியவர் என்று கூப்பிடும். சலவை ஆலை அவருடையது. கோயிலின் மைக், மின்விசிறி, பெஞ்சு எல்லாம் அவர் கொடுத்தது. நான் குடியிருக்கும் இரண்டு அறை வீடு கோயில் வளாகத்தில் இருக்கிறது, ஆகவே அதுவும் அவர் கையில்தான். அவர் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். என்னைத் தங்கச்சி என்பார்.

போன வருஷம் எங்களுக்கு முதல்முறையாக ஒரு பெண் ஆயராக, அதாவது சபைப் போதகராக, வந்தார். ஆயரம்மா வந்த முதல் மாதமே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். பதிவேடுகளையெல்லாம் நகலெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். விதி அப்படித்தான். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர் அனுப்பியதில்லை, நானும் அனுப்பியதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"கடைசிப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் அது தேவைப்படும்" என்றார்.

நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். முன்வரிசைக் குடும்பங்களின் தாத்தாக்கள், கொள்ளுத்தாத்தாக்கள் பெயர்களெல்லாம் அங்கேதான் இருந்தன. அவற்றை அழகாக எழுதி வைத்தால் நாலு பேர் பாராட்டுவார்கள் என்று ஆசை. எட்டு மாதம் செத்தவர்களையே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆயரம்மாவின் இன்னொரு பழக்கமும் பலருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்போம். இன்னாரும் இன்னாரும் மணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்போம். மற்ற ஆயர்கள் கேட்ட மூச்சிலேயே அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆயரம்மா கேட்டுவிட்டு நிறுத்துவார். பத்து எண்ணும் வரை சபையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இருமல் வராதவர்களுக்கும் இருமல் வந்துவிடும்.

"எதுக்கு இந்த நாடகம்?" என்று ஒருமுறை பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"கேட்டா பதிலுக்குக் காத்திருக்கணும்ல, ஐயா" என்றார் ஆயரம்மா.

அந்தச் சிரிப்பு பெரியவரின் முகத்தை விட்டு அன்று முழுக்கப் போகவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் ஆயரம்மாவிடம் வந்து பேசியது அதற்கு அடுத்த மாதம். ஆலையில் இஸ்திரி போடுகிறவள், பதினாறு வயது. பெரியவருடைய மச்சான்தான் அங்கே சூப்பர்வைசர், நாற்பது வயதுக்காரன். இஸ்திரி அறையின் கதவைச் சாத்திவிட்டு அவன் அந்தப் பிள்ளைக்குச் செய்ததை ஆயரம்மா என்னிடம் மூன்று வாக்கியத்தில் சொன்னார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தைரியமில்லை. போலீசில் எழுதிக் கொடுக்க வயதுக்கு ஆதாரம் வேண்டும். அவள் வீட்டில் பிறந்தவள். பிறந்த தேதி எங்கள் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை.

ஆயரம்மா ஸ்டேஷனுக்குப் போகப்போவது எப்படியோ பெரியவர் காதுக்குப் போய்விட்டது. அவர் ஆபீசுக்கு வந்து, நாற்காலியில் பொறுமையாக உட்கார்ந்தார்.

"பையன் அவளையே கட்டிக்கறேங்கறான். அவங்கம்மாவும் சம்மதிச்சாச்சு. எல்லாம் மரியாதையா முடிஞ்சிடும். வயசு பதினெட்டுன்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் எழுதிக் குடு, தங்கச்சி."

நாற்பது வயதுக்காரனைப் பையன் என்றார். நான் வாயைத் திறந்து மறுத்திருக்க வேண்டும். "ஆயரம்மா கையெழுத்துப் போடணுமே, ஐயா" என்று மட்டும் சொன்னேன். பந்தை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன்.

ஆயரம்மா கையெழுத்துப் போடவில்லை, அறிக்கையையும் வாசிக்க மறுத்துவிட்டார். அந்த ஞாயிறு அவர் பிரசங்கம் தொடங்கியதும் மைக் நின்றுபோனது. மறு ஞாயிறும் அதே இடத்தில் நின்றது. முன்வரிசைக்காரர்கள் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். யாரும் சண்டை போடவில்லை. வெள்ளிக்கிழமை மாற்றல் உத்தரவு வந்தது, மறுநாளே கிளம்ப வேண்டுமாம்.

பெட்டியைக் கட்டிய கையோடு ஆயரம்மா ஆபீசுக்கு வந்தார். "அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். அலமாரியைத் திறந்தேன். பதிவேட்டைப் புரட்டினேன். பதினாறு வருஷத்துக்கு முந்தைய பக்கம் இருக்க வேண்டிய இடத்தில், தையலோடு ஒட்டி, பிளேடால் வெட்டிய ஒரு நூல் அகலத் தாள்தான் இருந்தது. பூட்டு உடைபடவில்லை.

"நகல் அதுவரைக்கும் வந்துச்சாக்கா?" என்று கேட்டார் ஆயரம்மா.

"இல்லைங்க. நான் முன்னாலேர்ந்து ஆரம்பிச்சேன்."

அவர் பதிவேட்டை மூடினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன் போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேஜைமேல் வைத்தார். "எப்பக் கூப்பிட்டாலும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பேருந்து நிறுத்தம் வரை கூடப் போக எனக்குக் கால் வரவில்லை.

ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எதற்கும் தலையாட்டுகிற மனுஷர். முதல் அறிக்கையை வாசித்தார், இரண்டாம் அறிக்கையையும் வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றவர், சொல்வதற்கு ஈ பறக்கும் நேரம்கூடக் கொடுக்கவில்லை. பின்வரிசையில் அந்தப் பெண் தன் தாயின் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் அறிக்கைக்கு முந்தைய நாள், பீடத்து விரிப்பை இஸ்திரி போட்டு அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். வழக்கமாக வேறு யாராவது கொண்டுவருவார்கள். மேஜைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு.

"அக்கா, நீங்கதான் என்னத் தூக்கிக்கிட்டு நின்னீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"யாரைம்மா?"

"என்னத்தான். ஞானஸ்நானத்தன்னிக்கு. நான் புது பெஞ்சை நனைச்சிட்டேனாம். எல்லாரும் சிரிச்சாங்களாம்."

அவ்வளவுதான் சொன்னாள். எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

அவள் போனபின் விரிப்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போனேன். முன்வரிசைப் பெஞ்சின் முதுகில் பித்தளைத் தகடு. பெரியவரின் பெயர், பிரதிஷ்டை செய்த தேதி, மாதம், வருஷம். பதினாறு வருஷத்துக்கு முந்தைய தேதி. அன்றைக்குக் கோயில் முழுக்கப் புது வார்னிஷ் வாசனை. இரண்டு மாதக் குழந்தை என் மடியில். கால் கடுக்கிறதே என்று முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன், குழந்தை பெஞ்சை நனைத்துவிட்டது. பெரியவர் முகம் போன போக்கு எனக்கு அப்படியே கண்முன் வந்தது.

திரும்பிப் பார்த்தால் பெரியவரே வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"உன் வீட்டுக் கூரை ஒழுகுதாமே, தங்கச்சி. பாத்துடலாம். நீ அந்த வீட்லயே நிம்மதியா இருக்கணும், அதான் எனக்கு வேணும்."

"சரிங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. சூப்பர்வைசர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் அவன் அக்கா, அதாவது பெரியவரின் வீட்டம்மா. அதற்கடுத்துப் பெரியவர். அந்த வீட்டம்மா வாய் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. ஓய்வுபெற்ற ஆயர் காகிதத்தைப் பிரித்தார்.

"இது மூன்றாம் முறை. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம். அடுத்து..."

நான் எழுந்துவிட்டேன்.

"தடை இருக்குங்க ஐயா. பொண்ணுக்குப் பதினாறு வயசுதான்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. ஆயர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் பதில் எழுதியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பெரியவர் மெல்லத் திரும்பினார்.

"அப்படியா? பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டு, தங்கச்சி."

"அந்தப் பக்கத்தை வெட்டிட்டாங்க. அலமாரிக்கு ரெண்டு சாவி. நான் வெட்டல."

முன்வரிசை முணுமுணுத்தது.

"பதிவேடு இல்லாம யார் வேணாலும் என்ன வேணாலும் சொல்லலாமே. நீ யாரு அவளுக்கு?"

"ஞானத்தாய்ங்க. நான்தான் தூக்கிக்கிட்டு நின்னேன், நான்தான் வாக்குக் குடுத்தேன். நீங்க சாஞ்சிருக்கற பெஞ்சுல தேதி இருக்கு. அந்தப் பெஞ்சை நீங்க பிரதிஷ்டை பண்ணின அன்னிக்கு இவ ரெண்டு மாசக் குழந்தை. பெஞ்சை நனைச்சிட்டா. நீங்க முகத்தைச் சுளிச்சீங்க."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பெரியவர் சிரித்த முகம் மாறாமல் கையை விரித்தார். "எந்தக் குழந்தையோ என்னவோ. யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு" என்றது ஒரு குரல்.

பெரியவரின் வீட்டம்மா. மடியில் வைத்திருந்த வேதப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் பிள்ளதான். நீங்க தொடைக்கச் சொன்னீங்க. என் கைக்குட்டையால நான்தான் தொடைச்சேன்."

அவள் தம்பி அவளைப் பார்த்தான். பெரியவர் பார்க்கவில்லை. கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை. தடை சொன்னால் விசாரிக்காமல் கல்யாணம் நடத்தக்கூடாது என்பது விதி. ஓய்வுபெற்ற ஆயருக்கே அது தெரியும். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பெரியவர் தன் வீட்டம்மாவுக்குக் காரின் கதவைத் திறந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவள் ஏறுமுன் என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். கதவை அவர் மெதுவாக, சத்தமே வராமல் சாத்தினார்.

பெண்ணை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவள் தாயும் வந்தாள், ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆயரம்மாவுக்குப் போன் செய்தேன். தகட்டையாவது போட்டோ எடுத்து வைக்கலாம் என்று கோயிலுக்குத் திரும்பி ஓடினேன். பெஞ்சின் முதுகில் நாலு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்தால் கதவிடுக்கில் ஒரு கடிதம். பத்து நாளில் காலி செய்ய வேண்டுமாம். எதிர்ச் சாரியில் சூப்பர்வைசரின் மோட்டார் சைக்கிள் நின்றது, ஆளைக் காணவில்லை.

மூன்று மணிப் பேருந்தில் ஆயரம்மா வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ பக்கமும் இல்ல, தகடும் இல்ல" என்றார். "கோயில்ல எத்தனை பேர் கேட்டாங்க?"

"முன்னூறு பேராவது இருக்கும்."

"ஸ்டேஷன்ல வந்து எத்தனை பேர் சொல்லுவாங்க?"

நான் மனதுக்குள் எண்ணினேன். என்னைச் சேர்த்து இரண்டு பேர். அதில் ஒருத்தி அந்தக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

அதுவரை சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கினாள்.

"அக்கா, அந்த அம்மாவ இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பாங்க?"

கதவைச் சாத்தினால் என்ன நடக்கும் என்று எங்கள் மூவரைவிடவும் அவளுக்குத்தான் தெரியும். ஆயரம்மா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

"ஸ்டேஷனுக்குப் போற வழியில அவங்க வீடு வருமா?"

"வராது. சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

"சுத்திக்கிட்டே போவோம்."

பெண்ணைத் தாயோடு விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தோம், அவள் கேட்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டாள். தாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாலு பேரும் பட்டப்பகலில் ஆலைத் தெரு வழியாக நடந்தோம். ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெரியவர் வீட்டின் வெளிக்கதவு பூட்டியிருந்தது. கார் உள்ளே நின்றது. மாடி ஜன்னல்களில் எல்லாத் திரையும் இழுத்து மூடியிருந்தது. நான் மணியை அழுத்தினேன். உள்ளே அடிப்பது எங்களுக்கு நன்றாகக் கேட்டது, யாரும் வரவில்லை. ஆயரம்மா பத்து எண்ணும் வரை காத்திருந்தார். பிறகு என் விரலை விலக்கிவிட்டு, தன் விரலை அதன்மேல் வைத்தார், எடுக்கவேயில்லை.