புகழேந்தி நின்ற இடத்துக் குளிர்ச்சி

புகழேந்தி தரைக்குள் இறங்க ஆரம்பித்தது ஒரு ஆடி மாதத்தில். முதலில் பாதம் மட்டும்தான் போனது. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருந்த அவன், சாயங்காலம் கடையில் ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோது செருப்பும் இல்லை, பாதமும் இல்லை. கணுக்கால் நேராக சிமென்டுக்குள் போயிருந்தது. வலிக்கவில்லை. தரையில் விரிசலும் இல்லை. அவன் நடந்தால் தரை விலகி வழிவிட்டது, அவன் கடந்ததும் தண்ணீர் மாதிரி மூடிக்கொண்டது. சந்துக்காரர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதற்குள் தண்ணீர் லாரி வராமல் போகவே பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

குடித்தால் இறங்குகிறான், குடிக்காத அன்று இருந்த அளவிலேயே நிற்கிறான் என்பதைக் கண்டுபிடித்தவள் அவன் மனைவி அன்புக்கரசி. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தச் சந்தில் குடிக்கிற ஆண்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாரும் ஒழுங்காகத் தரைக்கு மேலேயேதான் விழுந்து கிடந்தார்கள். புகழேந்தி மட்டும் ஏன் இறங்கினான் என்று யாரும் சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஈரல் வீங்கியிருக்கிறது, குடியை விடு என்றார். தரை விஷயத்தைக் கேட்டதற்கு, அது எந்தப் பிரிவில் வரும் என்று தனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னார்.

அப்போது அவர்கள் மாடி வீட்டில் இருந்தார்கள். முழங்கால் வரை போன பிறகு கீழ்வீட்டு புஷ்ரா படியேறி வந்தாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காத. உங்க வூட்டுக்காரரு காலு ரெண்டும் என் அடுப்புக்கு மேல தொங்கிகினு கீது. கொழம்பு கொதிக்கிறப்ப அவருக்குச் சுடப்போவுது, அதான் சொல்றேன்" என்றாள். நல்ல மனுஷி. வீட்டின் சொந்தக்காரரிடம் அவளே பேசி, தான் மாடிக்குப் போய், இவர்களைக் கீழே இறக்கினாள். ஈக்காட்டுத்தாங்கலில் புகழேந்தி வேலை பார்த்த பட்டறை முதலாளி அய்யாதுரையும் கெட்டவர் இல்லை. அவன் கைக்கு எட்டும்படி லேத் மிஷினின் ஸ்டாண்டை இரண்டு தடவை அறுத்துத் தாழ்த்தினார். இடுப்பளவு ஆனதும், "இனிமே அறுக்கறதுக்கு ஸ்டாண்டு இல்லப்பா" என்று கணக்கை முடித்து அனுப்பினார். அவர் கண் கலங்கியதைப் பட்டறையில் எல்லாரும் பார்த்தார்கள்.

இடுப்பளவில் அவன் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டான். தலைக்கு நேராக ஒரு முக்காலி, அதன் மேல் தலையணை. மார்பளவு ஆனபோது வெளியே போவது நின்றது. மார்க்கெட் ரோட்டில் மார்பளவு மனிதன் நடந்தால் ஷேர் ஆட்டோ டிரைவர் கண்ணுக்குத் தெரிய மாட்டான். கடைக்குப் போக முடியாததால் குடியும் குறைந்தது. கூட்டாளிகள் எவனாவது இடுப்பில் செருகிக்கொண்டு வந்தால், அன்புக்கரசி துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். ஆனால் மார்போடு புதைந்த மனிதன் வாழ்கிறான் என்று யார் சொல்வார்கள்? பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் சோறு ஊட்டும்போது, "இன்னும் ஒரு மொழம் போனா முடிஞ்சிடும்மே. உனுக்கும் வேல மிச்சம்" என்றான். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து மறுபடி ஊட்டினாள். அந்தத் தலை தரைக்கு மேலே இருக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்புக்கரசி அடையாறில் கிரீஷ் என்பவர் வீட்டில் சமையல் வேலை செய்தாள். மயிலாப்பூரில் பிறந்து, வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர் அவர். திரும்பும்போது வீட்டிலேயே பீர் செய்கிற பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார்: அளவுக்கோடு போட்ட வெள்ளை பக்கெட், இறுக்கமான மூடி, அடியில் குழாய், பாகு மாதிரி கெட்டியான மால்ட் ஒரு டின், ஈஸ்ட் பொட்டலம். மூடியில் செருக வளைந்த பிளாஸ்டிக் குழல் ஒன்று. அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்தால் உள்ளே இருக்கிற காற்று குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போகாது. ஏசி ரூமில் வைத்து ஒரு தடவை செய்தார், நன்றாகவே வந்தது. பிறகு குழந்தை பிறந்தது, ஏசி ரூம் குழந்தைக்குப் போனது. "பக்கெட் கெட்டியா இருக்கு அக்கா, அரிசி கொட்டி வெச்சுக்கோங்கோ" என்று கொடுத்துவிட்டார். பிரிக்காத இன்னொரு மால்ட் டின்னும் உள்ளே இருந்தது.

அன்புக்கரசி அரிசி கொட்டவில்லை. கிரீஷ் அந்த பீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றியபோது அவள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். அடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பி மேலே போய் நுரையாக நின்றது. மேலே போகிற சரக்கை அவள் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தாள். கடைச் சரக்கு அவனைக் கீழே இழுக்கிறது என்றால் இது தூக்க வேண்டும் என்று நினைத்தாள். படித்தவர்கள் இதைவிட மோசமான காரணங்களுக்கு இதைவிடப் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறார்கள். வீட்டில் காய்ச்சுவது குற்றம் என்று புஷ்ரா பயமுறுத்தினாள். எப்படியோ விஷயம் தெரிந்து விசாரிக்க வந்த போலீஸ்காரர், மார்பளவில் நின்றபடி வணக்கம் சொன்ன புகழேந்தியைப் பார்த்ததும் எதையும் எழுதாமல் போய்விட்டார்.

முதல் பக்கெட் பாழாய்ப்போனது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, மால்ட்டும் சர்க்கரையும் கரைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவியது வரைக்கும் எல்லாம் சரி. கடைசியில் பழக்க தோஷம். இட்லி மாவை உப்புப் போட்டு வெறும் கையால் கலந்து வைத்தால்தானே நன்றாகப் புளிக்கும்? அதே மாதிரி முழங்கை வரை விட்டுக் கலக்கி மூடினாள். அடுப்பு மூலையில் வைத்தாள், அதுவும் சித்திரை வெயிலில். திறந்தபோது மேலே வெள்ளை ஆடை படர்ந்து, நாலு வீட்டுக்குப் புளித்த வாடை போனது. புகழேந்தி ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்து முகத்தைச் சுளிக்காமல், "தோசை ஊத்தலாம்மே" என்றான். அவன் சிரித்து அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

கையை விட்டதுதான் தப்பு, வெளிக் கிருமி எதுவும் சேரக் கூடாது என்று கிரீஷ் விளக்கினார். அவருக்குத் தன் பக்கெட் மறுபடி வேலை செய்வதில் சந்தோஷம்; ஆன்லைனில் இன்னொரு டின் வரவழைத்துக் கொடுத்தார். குளிர்ச்சியான இடம் இல்லாவிட்டால் எல்லாமே வீண் என்றும் சொன்னார். சைதாப்பேட்டையில், காற்று நுழையாத கீழ்வீட்டில், குளிர்ச்சிக்கு எங்கே போவாள்? ஈரச் சாக்கைச் சுற்றி வீட்டில் எந்த மூலையில் வைக்கலாம் என்று வெறுங்காலோடு தரையைத் தடவிக்கொண்டே போனவள், புருஷன் நிற்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அவனைச் சுற்றி ஒரு முறம் அகலத்துக்குத் தரை கிணற்றடி மாதிரி ஜில்லென்று இருந்தது. மண்ணுக்குள் இருந்த பாதி உடம்பு அந்தக் குளிர்ச்சியை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கெட்டை அங்கேயே வைத்தாள். அவன் ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டான். மறுநாளே குழலில் குமிழ் கிளம்பியது. நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவனுக்கு வேலையாயிற்று. சத்தம் அடங்கியதும் அவள் சுடுதண்ணீரில் கழுவிய பாட்டில்களில் துளி சர்க்கரை போட்டு நிரப்பி, மூடி அடித்து, அதே இடத்தில் அடுக்கினாள். பாட்டிலுக்குள் காற்று ஏறட்டும் என்று இன்னும் கொஞ்சம் நாள் பொறுத்தாள்.

அந்த பீரைப் போல ஒன்று அதற்கு முன் சைதாப்பேட்டையில் யாரும் குடித்ததில்லை. கிரீஷ் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். புகழேந்தி ஒரு டம்ளர் குடித்தான், ஒரு விரற்கடை மேலே வந்தான். சாயங்காலத்துக்கு ஒரு பாட்டில் என்று அவள் வைத்த கணக்கில் இடுப்பு வந்தது, தொடை வந்தது, வெளுத்துப்போன முழங்கால் வந்தது. புஷ்ரா கேசரி கிளறி எடுத்து வந்தாள். அன்புக்கரசி அவன் காலைப் பிடித்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த நாட்களில் அவள் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்ததாகச் சந்தில் சொல்கிறார்கள்.

கணுக்கால் தெரிந்தபோது கடைசிப் பாட்டில் தீர்ந்தது. அடுத்த பக்கெட் போட்டாள். ஆனால் மண்ணுக்குள் ஆள் இல்லாததால் குளிர்ச்சியும் இல்லை. பீர் நகப்பூச்சு வாடையோடு இறங்கியது; பாட்டில்கள் வெயில் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. காலோ நன்றாக நடந்தது. மீண்டு வந்த கால் முதலில் எங்கே போகும்? பட்டறைக்குப் போய் அய்யாதுரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் அங்கே போகவும் செய்தான், திரும்பும் வழியில் கடைக்கும் போனான். வீடு வந்து சேரும்போது மறுபடி மார்பளவு.

அவள் அழுதாள், திட்டினாள், பிறகு பக்கெட்டைக் கழுவினாள். குளிர்ச்சி திரும்பியிருந்தது, பீர் பிரமாதமாக வந்தது, அவன் எழுந்தான், எழுந்ததும் போனான். இப்படியே வருஷங்கள் ஓடின. தவணையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கி அதற்குள் வைத்துச் செய்து பார்த்தாள். ருசியில் குறையில்லை, ஆனால் அது வெறும் பீர், யாரையும் ஒரு நூல் கூடத் தூக்கவில்லை. அவன் புதைந்து கிடந்தால்தான் அவனை எடுக்கிற மருந்து விளையும், எடுத்துவிட்டால் மருந்து செத்துப்போகும் என்பது புரிந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் அதிகமாக இறங்கி, கொஞ்சம் குறைவாக எழுந்தான். கடைசித் தடவை தொடைக்கு மேல் வரவில்லை.

"கடக்காரன் ஊத்துனா அது வேற. இப்ப நீயேதான ஊத்திக் குடுத்துகினு கீற?" என்று புஷ்ரா கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. ஊற்றாவிட்டால் அவன் அப்படியே நிற்பான், ஊற்றினால் எழுந்து போய் இன்னும் இறங்குவான். இரண்டில் எது கொலை, எது காப்பாற்றுவது என்று தெரியாமல் அன்புக்கரசி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

நிறுத்தியது அவன்தான். மறுபடி கடைக்குப் போய் வந்து கழுத்தளவில் இருந்தபோது, அவள் நீட்டிய டம்ளரிலிருந்து முகத்தைத் திருப்பி, "போதும்மே. நல்லாத்தான் செய்ற, ஆனா போதும்" என்றான். அதற்குப் பிறகு கடைச் சரக்கும் தொடவில்லை, பீரும் தொடவில்லை. உடம்பு உதறியது, கண் மஞ்சளாகியது, ஆனால் தொடவில்லை. அவனுடைய வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அது, அதற்கு ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. குடிக்காத அன்று இறங்காதவன் இப்போது சும்மா இருக்கும்போதே இறங்கினான். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள், ஸ்ட்ரெச்சரில் வைக்கத் தலையைத் தவிர எதுவும் இல்லாததைப் பார்த்துத் திரும்பிப்போனார்கள்.

தாடை தரையைத் தொட்ட அன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, அவன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கீழ இன்னாய்யா கீது?"

"ஆத்துத் தண்ணி கால்ல படுது. சுத்தமா கீதுமே. மேல ஓடற மாதிரி இல்ல."

"பயமா கீதா?"

"இல்ல" என்றான். "நீ எங்கயும் போயிடாத."

அவள் போகவில்லை. கை அவன் தலை மேலேயே இருக்கத் தூங்கிவிட்டாள். விடிந்து பார்த்தபோது நெற்றியும் உள்ளே போயிருந்தது. தரைக்கு மேல் முடி மட்டும் இருந்தது. அன்புக்கரசி தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து வைத்து, வகிடு எடுத்துச் சீவிவிட்டாள். புஷ்ரா வந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். உறவுக்காரர்கள் வந்தார்கள். எரிப்பதா புதைப்பதா என்ற கேள்வி வந்து, இதற்கு மேல் என்ன புதைப்பது என்று யாரோ சொல்ல, சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், இறக்கவில்லை. கரையோரத்து வீடுகளைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பப் போவதாக அவ்வப்போது பேச்சு வருகிறது. இந்தச் சந்துக்கு இன்னும் வரவில்லை. வந்தால் என்ன செய்வாள் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. பெருக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிப் பெருக்குகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் தாண்டிப் போகாமல் ஒதுங்கிப் போகிறார்கள். முடி வளர்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரியை எடுத்து, காதை மறைக்காத அளவுக்கு, காது எங்கே இருக்கும் என்று குத்துமதிப்பாகப் பார்த்து வெட்டிவிடுகிறாள். போன மாதம் வெட்டும்போது முதல் நரை தெரிந்தது. அவள் அதைப் பிடுங்காமல் விட்டுவிட்டாள்.